நியூ டவுனில் உலகம் அழிந்த ஞாயிற்றுக்கிழமை

பாளையங்கோட்டை சுலோசனா அக்காவின் சமூகத்துக்கு, கொல்கத்தா நியூ டவுனிலிருந்து தங்கை வாசுகி வணங்கி எழுதிக்கொண்டது. நானும் இவரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலியும் உன் காதும் எந்த மட்டில் இருக்கின்றன? போனில் நான் "ஃபிராங்க்ளின் படம் போட்டான்" என்றதை நீ "பயந்து போயிட்டான்" என்று கேட்டு, எதிர்வீட்டு எஸ்தர் டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொல்லி, பெற்றவளை அழவைத்துவிட்டாய். அதனால்தான் நடந்ததை விவரமாகக் கடிதத்தில் எழுதுகிறேன்.

டீச்சர் மகன் ஃபிராங்க்ளினை எங்கள் குடியிருப்பிலேயே வாடகைக்குக் குடிவைத்து, அவ்வப்போது சாப்பிட அழைத்துக் கவனித்துவருகிறேன். நல்ல பிள்ளை. ஆனால் வாயைத் திறந்து பேசமாட்டான், சிரிக்கவும் மாட்டான். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. ஞாயிறு காலையில் மட்டும் ஆபீஸ் தமிழ்ப் பையன்கள் சிலரோடு எங்கள் பொதுக் கூடத்தில் கிதார் வாசித்து ஜெபம் செய்வான். அந்தச் சத்தம் ஆகவில்லை என்று சில வீட்டார் புகார் சொல்ல, செயலாளர் கோஷால் பாபு, கமிட்டி கூடினதும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளை முகம் செத்துப்போயிற்று. "எடம் போச்சுன்னா சென்னைக்கே மாத்தல் கேட்டுப் போயிருதேன் சித்தி. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கது அந்த ஜெபம் மட்டுந்தான்" என்றான்.

அப்புறம் அவனாகவே ஒரு யோசனை செய்தான். தங்கள் நம்பிக்கை என்னவென்று தெரிந்தால் யாரும் வெறுக்கமாட்டார்கள், ஆகவே எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சினிமா காட்டுவது என்று. உலகம் அழிகிற இங்கிலீஷ் படம். சண்டையும் உண்டு, வேத வசனமும் உண்டு. நாற்காலிகளை அவனே தூக்கிப் போட்டான். வீட்டுக்காரர்கள், காவலாளிகளின் குடும்பங்கள், சமையல் வேலைக்கு வருகிற பெண்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. படத்தைப் போட்டால், அடியில் வங்காள எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது! ஜனங்கள் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். ஃபிராங்க்ளின் என்னிடம் ஓடிவந்து மைக்கைக் கையில் திணித்தான். "சித்தி, நீங்க பெங்காலி நல்லாப் பேசுவீயள்லா, நடக்கதச் சொல்லுங்க போதும்."

அக்கா, எனக்கு இங்கிலீஷ் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் குண்டு வெடிக்காத நேரத்தில்தான். ஆனாலும் மைக்கைப் பிடித்தேன். முதல் காட்சியிலேயே ஊரில் உள்ள நல்லவர்களெல்லாம் சட்டைத்துணியை நாற்காலியில் விட்டுவிட்டு மாயமாய் மறைந்துபோகிறார்கள். "துணியில்லாம எங்க போனாங்க?" என்று சமையல்கார மாலதி கூச்சலிட்டாள். "கைலாசத்துக்கு, அங்கே வேற துணி குடுப்பாங்க" என்றேன். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் வருகிறார் பார், நீலக் கோட்டுப் போட்ட ஒரு மகானுபாவர். என்ன களை, என்ன சிரிப்பு! சண்டை போடுகிற நாடுகளையெல்லாம் சமாதானம் செய்துவைக்கிறார், பசித்தவர்களுக்கு ரொட்டி கொடுக்கிறார், எல்லா மதத்தாரையும் கைகோக்க வைக்கிறார். ஜனங்கள் வரிசையில் நின்று அவர் பெயரால் நெற்றியில் ஒரு குறி வைத்துக்கொள்கிறார்கள். நாம் திருநீறு வைக்கவில்லையா? "நம்ம குங்குமம் மாதிரி" என்று நான் சொன்னதும் பெண்களெல்லாம் உருகிவிட்டார்கள். இவருக்கு எதிராக ஒரு தாடிக்காரக் கும்பல் குகையில் ஒளிந்துகொண்டு, குறி வைக்கமாட்டோம் என்று அடம்பிடிக்கிறது. கையில் வேதப் புத்தகம், இடுப்பில் துப்பாக்கி! சுடுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் வேறு. "என்ன வேஷம் போடுறான் பாருங்க" என்று நான் மைக்கில் திட்ட, பின்வரிசைக் காவலாளிகள் விசில் அடித்தார்கள். நம் படங்களில் புத்திமதி ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம் என்று வரும். இதில் குண்டு பறக்கும்போதே உபதேசமும் பறக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் வானம் பிளந்து, வெள்ளைக் குதிரையில் நம் கல்கி மாதிரியே ஒருவர் வருகிறார். நீலக் கோட்டுக்காரரோ, உலகத்துப் பாவத்தையெல்லாம் தான் ஏற்று, சீதை மாதிரி நெருப்பு ஏரியில் இறங்கிவிடுகிறார். பெண்கள் எழுந்து நின்று, பூஜையில் செய்வதுபோல நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஜனங்கள் அழுவதைப் பார்த்து ஃபிராங்க்ளின் முழங்கால் போட்டே அழுதான். "கர்த்தர் உங்களப் பயன்படுத்திட்டாரு சித்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கோஷால் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமாதானத்துக்காகத் தீயில் இறங்குற சாமியைக் கும்பிடுற பிள்ளைகளையா நாம தடுக்கிறது? ஞாயித்துக்கிழமை கூடம் உங்களுக்குத்தான்" என்று அறிவித்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மொய்த்ரா தாதா (அண்ணனை இங்கே தாதா என்பார்கள்), கல்லூரியில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்தவர், படம் முழுக்க வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு குலுங்கினார். பாவம், அவருக்கும் தாங்கவில்லை. போகும்போது, "பௌதி, வாழ்நாள் பூரா இலக்கியம் நடத்தினேன். இந்தக் கதையை இப்படி ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை" என்று கும்பிட்டார். அண்ணி என்று கூப்பிட்டு இத்தனை பெரிய மனிதர் கும்பிட்டால் எப்படி இருக்கும், நீயே சொல். இவர்கூட, "உனக்குள்ள இவ்வளவு விஷயம் இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்றார். இவரிடமிருந்து பாராட்டு!

ஆகவே டீச்சரிடம் கவலையே வேண்டாம் என்று சொல். இந்தக் கடிதத்தை அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ஒரு வரி விடாமல் உரக்க வாசித்துக்காட்டு. அவர்கள் சபைப் பாதிரி ஐயரும் கூட இருந்தால் இன்னும் நல்லது. அத்தானுக்கும் உனக்கும் எங்கள் நமஸ்காரம். உன் ஆசீர்வாதம் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை,
வாசுகி சொக்கலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஃபிராங்க்ளின் வெளுத்த முகத்தோடு வந்தான். இந்த வருஷம் துர்கா பூஜைப் பந்தல் வாசலில் நீலக் கோட்டுக்காரரின் உருவத்தைப் பெரிதாக வைக்க, பூஜைக் கமிட்டியார் அவனிடம் படம் கேட்டார்களாம்.

"சித்தி, அவர யாருன்னு சொன்னீங்க?"

"ஏம்ப்பா, உங்க சாமிதானே?"

"அது அந்திக்கிறிஸ்து சித்தி. சாத்தானோட ஆளு. தாடிக்காரங்கதான் எங்க ஆளுங்க."

கையிலிருந்த உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவன் திடீரென்று சிரித்தான் அக்கா, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே அதே கூடத்தில் நின்று எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லவேண்டுமாம். அதற்கப்புறம் கூடம் இருக்குமோ போகுமோ, ஆனால் மாத்தல் மட்டும் கேட்கமாட்டானாம். நீ மேலே உள்ள எதையும் டீச்சரிடம் வாசித்துவிடாதே. உங்க பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான் என்று மட்டும் சொல்.