நாற்பத்தொரு கொலைகளும் என் மோட்டாரும்

கொலைக்கென்று உலகத்தில் ஒரு தலைநகரம் உண்டென்றால் அது எங்கள் ஸ்கார்வோ தீவுதான். மொத்தக் குடிகள் நூற்று அறுபத்து மூன்று பேர். இதுவரை கொல்லப்பட்டவர்கள் நாற்பத்தொரு பேர். இந்த மகத்தான சாதனையை, ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்தபடியே, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் செய்து முடித்தவர் மதிப்புக்குரிய எழுத்தாளர் வெண்டேலா ஹ்யார்ன். ஏழு நாவல்கள். முப்பத்து நான்கு மொழிகள். அவசரத்தில் எங்கள் தபால்காரரை மட்டும் இரண்டு தரம் கொன்றுவிட்டார். பெரிய காரியங்களில் இப்படிச் சின்னப் பிசகுகள் வருவது சகஜம்.

நாவல்களின் பெயர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. "இருட்டுக்குள் இருட்டு", "பனிக்குக் கீழே பனி", "குளிரிலும் குளிர்" என்று போகும். எட்டாவது இந்த ஜூலையில் வெளியானது: "மௌனத்துக்கு அப்பால் மௌனம்". நான் ஒன்றையும் படித்ததில்லை. படிக்காமலே புகழ்கிறவன் நான் ஒருவன்தான் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நகராட்சிக் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். வெட்கம் போய்விட்டது.

நாவலில் எங்கள் தீவுக்கு ஒரு போலீஸ் நிலையமும் நான்கு இன்ஸ்பெக்டர்களும் உண்டு. நிஜத்தில் இருந்த நிலையத்தை ஒன்பது வருஷத்துக்கு முன்னால், குற்றமே நடக்கவில்லை என்ற குற்றத்துக்காக மூடிவிட்டார்கள். கோடையில் வருகிற வாசகர்கள், முக்கியமாக ஜெர்மனிக்காரர்கள், போலீஸ் நிலையம் எங்கே என்று தேடி, இல்லை என்றதும் கண் கலங்கினார்கள். வேற்று நாட்டார் கண்ணீரை நகராட்சியின் பண்பாட்டு அலுவலர் பெர்னிலாவால் பொறுக்க முடியவில்லை. துறைமுகத்தின் பக்கத்தில் வீட்டு உதவி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. வயதானவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுத்துவிட்டுப் போக இரண்டு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அதைக் காலி செய்து ஓர் உன்னதமான போலீஸ் நிலையம் அமைத்தார். மேஜை, டெலிபோன், மங்கலான ஒரு விளக்கு. எலோஃப் என்ற நாடக நடிகரை இன்ஸ்பெக்டராக அமர்த்தினார். பத்து மணி முதல் நான்கு மணி வரை துயரமாக இருப்பது அவர் உத்தியோகம்.

என் மனைவி குன்வோருக்கு இடுப்பெலும்பு முறிந்தது அந்த வருஷம்தான். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் எதிர்த்தீவில் உள்ள முதியோர் இல்லத்தில் வைத்தார்கள். இலக்கிய வளர்ச்சிக்கு எங்கள் குடும்பம் செய்த சிறு உதவி என்று அதை எடுத்துக்கொண்டேன். என் படகில் போனால் இருபது நிமிஷம். பயணிகள் படகில் போனால் கரைக்குப் போய், இரண்டு பஸ் மாறி, இன்னொரு படகு பிடித்து, ஐந்து மணி நேரம். முந்தின நாளே போய் இல்லத்தில் ராத்திரி தங்க வெளியாளுக்கு அனுமதி கிடையாது. பயணிகள் படகும் காலை பதினொரு மணிக்கு முன்னால் கிளம்பாது. கொலைச் சுற்றுலா வந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் அல்லவா?

இந்த நிலையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குன்வோரை மாவட்டத் தலைநகருக்கு, நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாற்ற உத்தேசம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு இல்லத்தில் கூட்டம். ஆட்சேபம் உள்ள உறவினர் நேரில் வரலாம். வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.

திங்கள்கிழமை படகடிக்குப் போனேன். படகு இருந்தது. பின்னால் மாட்டியிருந்த மோட்டார் இல்லை.

போலீசுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எல்லார் மேலயும் இருக்கு."

"அப்படிப் போட இங்க இடம் இல்லீங்க. ஒரு பேர் சொல்லுங்க."

"பேர் தெரிஞ்சா நானே போய் வாங்கியிருக்க மாட்டனா? உனக்கு எதுக்கும்மா போன் பண்றேன்?"

"சரிங்க சிக்ஸ்டன், உங்க புகார் பதிவாயிடுச்சு. தடயம் இல்லாததால வழக்கும் முடிஞ்சிடுச்சு."

"எப்போ?"

"இப்பதான்."

இவ்வளவு விரைவான நீதி வேறு எந்த நாட்டில் கிடைக்கும்? நெகிழ்ந்துபோய், நிஜப் போலீஸ் கைவிட்டாலும் பொய்ப் போலீஸ் இருக்கிறதே என்று துறைமுகத்துக்கு நடந்தேன். வாசலில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டாம் நம்பர். எனக்கு முன்னால் வந்த முப்பத்தேழு பேரும் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"மோட்டாரைக் காணோம்" என்றேன்.

எலோஃப் ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்து, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "காணாமல் போறது மோட்டார் மட்டுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"தம்பி, மோட்டார் மட்டும்தான். எட்டுக் குதிரைச் சக்தி. மூடி மேல நீலப் பெயின்ட் சொட்டியிருக்கும், என் பெண்டாட்டி கதவுக்குப் பெயின்ட் அடிச்சப்போ விழுந்தது."

எலோஃப் நாடகத்தை மறந்து திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கின் கீழே என் மோட்டார். விசிறியில் சிவப்புச் சாயம். கீழே அட்டை: "கொலைக் கருவி. மௌனத்துக்கு அப்பால் மௌனம், இருபத்தாறாம் அத்தியாயம்."

"பெர்னிலாவக் கூப்பிடறேன்" என்றார் எலோஃப் மெல்ல.

பெர்னிலா லவங்கப்பட்டை பன் தட்டோடு வந்தார். எங்கள் நாட்டில் பன் கொண்டுவருகிறார்கள் என்றால் காரியம் நடக்காது என்று அர்த்தம்.

"திருடலையே! பண்பாட்டுக் கடனா எடுத்திருக்கோம். உங்களுக்கு மெயில் அனுப்பினோம்."

"என்கிட்ட மெயிலே கிடையாது."

"ஆமா, பதில் வரலை. அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்."

"புதன்கிழமை எனக்கு அது வேணும். பெண்டாட்டியத் தூக்கிட்டுப் போகப்போறாங்க."

"அக்டோபர்ல கண்டிப்பா தந்துடறோம். நாளைக்கு நாவல் ரிலீஸ், டிவியெல்லாம் வருது. வேணும்னா ஒண்ணு செய்யலாம் சிக்ஸ்டன். தெர்மாகோல்ல ஒரு மோட்டார் செஞ்சு வச்சிருந்தோம். வெண்டேலாதான் அசலா இருக்கணும்னு வேண்டாம்னுட்டாங்க. அத நீங்க எடுத்துக்குங்க."

"ஓடுமா?"

"ஓடாது. ஆனா தண்ணில மூழ்காது!"

மாலையில் நகராட்சியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஜனநாயகத்தின் பெருமையே அதுதான். ஒன்றரை மணி நேரம் எல்லாரும் என்னைப் புரிந்துகொண்டார்கள். என் உணர்வுகள் நியாயமானவை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். செப்டம்பரில் கூடுவதற்கு ஒரு பணிக்குழு அமைத்தார்கள். தீவின் வாழும் பாரம்பரியம் என்று எனக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குன்வோருக்குப் போன் செய்து அதை வாசித்துக் காட்டினேன்.

"வாழும் பாரம்பரியமா? உன்னையா?" அவள் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு குரல் மாறியது. "ஏன்யா, நான் போற ஊர்ல கடல் கூடக் கிடையாதாம். ஜன்னலத் தொறந்தா கார் நிக்கிற இடமாம். உன் மோட்டார நீ தூக்கிட்டு வர எவன்கிட்டயா பெர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்கிற?"

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வெளியீட்டு விழா. இறால், வெள்ளை ஒயின், இருநூறு பேர், டிவி கேமரா. வெண்டேலா ஹ்யார்ன் கறுப்பு உடையில் மேடையேறி, சிறிய சமூகங்களின் மௌனத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். எங்கள் வலியை அவரைப் போல யாராலும் சொல்ல முடியாது. எங்களில் ஒருவரிடமும் அவர் பேசியதில்லை என்பதால் அதில் கலப்படமும் இல்லை. கடைசியில் கேள்வி உண்டா என்றார். எழுந்தேன்.

"என் மோட்டாரக் குடும்மா."

"ஆகா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார் எழுத்தாளர். "எவ்வளவு உண்மையான குரல்!"

கூட்டம் கை தட்டியது. தட்டி முடிப்பதற்குள் நான் போலீஸ் நிலையத்துக்குள் போய்விட்டேன். கையில் துடுப்பு இருந்தது. எலோஃப் என்னைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார், பிறகு தன் கடமைப்படி துயரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி ஒரே அடியில் போனது. வெளியே இருநூறு பேரும், இது விழாவின் சிறப்பு நிகழ்ச்சி என்று, இறால் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆரவாரம் செய்தார்கள். மோட்டார் முப்பது கிலோ கனம். நான் தள்ளாடுவதைப் பார்த்து ஜெர்மன் தம்பதி ஒன்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. படகில் மாட்டிவிட்டு அந்த அம்மாள் கேட்டாள்:

"நீங்கதான் கொலைகாரரா?"

"இன்னும் இல்லம்மா."

அவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இல்லத்தில் இருந்தேன். கூட்டத்தில் மார்கரேட்டா என்ற அதிகாரி அம்மாள் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். சக்கர நாற்காலியில் குன்வோர் உதட்டுச் சாயம் பூசித் தயாராக இருந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்றேன்.

"ரொம்ப நன்றி" என்று குறித்துக்கொண்டார். "ஆட்சேபத்தப் பதிவு பண்ணியாச்சு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி மாத்திடறோம்."

"அப்போ நான் எதுக்கு வந்தேன்?"

"பதிவு பண்றதுக்கு."

அந்தச் சமயத்தில் கதவு திறந்தது. சீருடையில் ஒரு போலீஸ்காரரும் ஒரு போலீஸ்காரியும். திருட்டுப் போன மோட்டாருக்கு வராதவர்கள், திருட்டுப் போன கொலைக் கருவிக்கு வேகப் படகில் வந்துவிட்டார்கள். காப்பீடு செய்த பண்பாட்டுப் பொருளாம். இருநூறு செல்போன்களில் தடயம் இருந்ததாம்.

"சிக்ஸ்டன்கிறது நீங்களா? கண்ணாடிய உடைச்சது நீங்கதானா?" என்றாள் போலீஸ்காரி.

நான் வாயைத் திறப்பதற்குள் குன்வோர் நாற்காலியை நடுவே உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அவருக்கு அவ்வளவு மூளை ஏது? எல்லாம் என் திட்டம். போன்ல சொல்லிக் குடுத்தது நான். எழுதிக்கம்மா. குன்வோர், ரெண்டு n கிடையாது, ஒண்ணுதான்."

போலீஸ்காரி எழுதிக்கொண்டாள். "அப்போ ரெண்டு பேர் மேலயும் வழக்கு. விசாரணை முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இந்த இடத்த விட்டுப் போகக் கூடாது."

மார்கரேட்டா பேனாவை வைத்தார். "ஆகஸ்ட்ல இவங்கள மாத்தணுமே?"

"மாத்தக் கூடாது."

"விசாரணை எப்ப முடியும்?"

"இருக்கற ஆள் பலத்துல ஒண்ணரை வருஷம். ரெண்டும் ஆகலாம்."

குன்வோர் என் கையைக் கிள்ளினாள். மோட்டாரைச் சாட்சியப் பொருளாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பிப் போக வழியும் இல்லை, போகவும் கூடாது என்பதால், அவள் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள்.

மூன்று மாதம் ஆகிறது. எங்கள் மரியாதையைச் சொல்லி முடியாது. நாங்கள் இருக்கிறோமா என்று பார்க்க வாரம் ஒருமுறை போலீஸ்காரி வருகிறாள், நின்று காபி குடித்துவிட்டுப் போகிறாள். அரசாங்கமே வக்கீல் வைத்துக் கொடுத்திருக்கிறது. வருத்தப்படுகிறோமா என்று விசாரிக்க ஒரு மனநல மருத்துவர் மாதம் இரண்டு தரம் வருகிறார். குற்றவாளி நடக்க முடியாமல் இருந்தால் விசாரணைக்கு இடைஞ்சல் என்று குன்வோருக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் போட்டிருக்கிறார்கள். தாழ்வாரம் வரைக்கும் நடக்கிறாள். நாவல் விற்பனையில் முதலிடம். ஒன்பதாவதில் எங்களைக் கொலைகாரர்களாகப் போட அனுமதி கேட்டு எழுத்தாளரே கடிதம் எழுதியிருக்கிறார். ஆகவே குற்ற இலக்கியம் நீடூழி வாழ்க என்று நாங்கள் இருவரும் மனமார வாழ்த்துகிறோம்.

ஒரே ஒரு கவலைதான். நேற்று வக்கீல் சந்தோஷமாகப் போன் செய்தார். மோட்டார் என்னுடையதுதான் என்பதற்குப் பழைய ரசீது அகப்பட்டுவிட்டதாம். கிறிஸ்துமசுக்குள் நாங்கள் நிரபராதிகள் என்று தீர்ப்பாகிவிடுமாம். குன்வோர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. நிரபராதிகளை இந்த நகராட்சி என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.