முத்திரை குத்திய கேக்

கோதுமை மா பங்கீட்டுக் கூப்பனுக்குள் அடங்கிப்போன அந்த வருசத்தில், நோன்புப் பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அரசாங்கம் கிண்ணியா மக்களின் கேக்கைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது.

கவலைக்குக் காரணம் இருந்தது. முந்தியெல்லாம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெருநாள் தட்டில் வட்டிலப்பம் இருந்தால் போதும். யாரோ ஒரு மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை எடுத்த நாளிலிருந்து, தட்டில் கேக் இல்லாவிட்டால் பெண்ணில் ஏதோ குறை என்று ஆகிவிட்டது. அந்த மாப்பிள்ளைக்குக் கேக் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஊர் றுக்கியாவின் மூத்த சகோதரி லைலா ராத்தாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் உம்மு குல்சும், "தட்டைப் பார்த்துத்தான் கலியாண நாள் குறிக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருந்தா. வீட்டில் முட்டை இருந்தது. கேக் சுட பிஸ்கட் தகரம் இருந்தது. தகரத்துக்கு மேலேயும் கீழேயும் போடச் சிரட்டைத் தணல் இருந்தது. கேக்கின் தலையில் குத்த, றுக்கியா சிவப்புக் கடதாசியில் செய்த ரோசாப் பூவும் ஆயத்தம். மா மட்டும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். உள்ளூர் உணவு ஊக்குவிப்புக் கிளை, கோதுமை மா கலவாத பெருநாள் கேக் போட்டி ஒன்றை நடத்தவிருக்கிறது. முதற்பரிசு, பத்து இறாத்தல் முதல்தரக் கோதுமை மா.

பள்ளிக்கூடம் விட்டு ஒரு வருசமாக வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த றுக்கியாவுக்குப் பொறுமையும் இல்லை, பொய்யும் வராது. நேரே கிளைக்குப் போனாள். பொறுப்பதிகாரி இராசதுரை கதிரையில் இருந்தார்.

"சேர், கோதுமை மா இல்லாமக் கேக் செய்தா, கோதுமை மா தருவீங்களா?"

"ஓம் பிள்ளை. அதுதான் ஊக்கம்."

"கோதுமை மா இருந்தா நான் ஏன் சேர் இந்தக் கேக்கைச் செய்யப்போறன்?"

"அதுதான் கொள்கை" என்றார் இராசதுரை, மனம் நிறைந்து.

போட்டி நாளில் எட்டுக் கேக் வந்தது. போட்டியாளர் எல்லாருக்கும் நோன்பு. சுட்டவர்களே ருசி பார்க்காத கேக்குகள் அவை. பியோன் ஆதம்பாவாவும் நோன்பு. ஆகவே தீர்ப்பு முழுவதும் இராசதுரையின் ஒற்றை நாக்கில் தங்கியிருந்தது.

முதலில் அடுத்த வீட்டுப் பரீதா மாமியின் கேக். பரீதா தன் கூப்பன் மாவில் ஓர் இறாத்தலை ஒளித்து வைத்துச் சுட்டிருந்தா. ஒன்றைப் போட்டுப் பத்தை எடுக்கும் யோசனை. இராசதுரை ஒரு துண்டு தின்றார். கண்ணை மூடி இன்னும் இரண்டு தின்றார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"மேற்படி கேக் ருசியாக இருக்கிறது. ஆகவே சந்தேகத்துக்குரியது. நிராகரிக்கிறேன். மிச்சம் சான்றுப்பொருளாக என் மேசையில் இருக்கட்டும்."

றுக்கியாவின் மரவள்ளிக் கேக்கில் கத்தி இறங்கவில்லை. ஆதம்பாவா கோடரி கொண்டுவந்தான். கோடரி எகிறித் திரும்பியது. இராசதுரை ஓரத்தில் கடித்துப் பார்த்தார். மேல்வரிசையில் ஒரு பல் ஆடியது.

"சேர், அது பழுதாப் போச்சு" என்றாள் றுக்கியா. "ஆடு கூடத் தின்னாது."

"போட்டியாளரின் தன்னடக்கம் பாராட்டத்தக்கது" என்று எழுதினார் இராசதுரை. "இதில் கோதுமை மா கலந்திருப்பதாக எதிரி கூடச் சொல்ல ஏலாது. முதற்பரிசு."

"அப்ப மாவைத் தாங்க சேர்."

"அவசரப்படாதீங்க. மரவள்ளியிலேயே வெற்றி கண்ட பிள்ளைக்குக் கோதுமை மா என்னத்துக்கு? தந்தால் கொள்கைக்கு விரோதம்."

"பரிசு எனக்குத்தானே சேர்?"

"பரிசு உங்கடதான். வாங்கத்தான் ஏலாது. இந்தாங்க, முத்திரை குத்தின சான்றிதழ்."

"மாவை என்ன செய்வீங்க?"

இராசதுரை சுற்றறிக்கையைப் புரட்டினார். "கோதுமை மா உண்மையில் தேவைப்படுவோருக்கு வழங்குக என்றிருக்கு. பரீதா கோதுமை மா பாவிக்கிற ஆள் என்று இப்ப நிரூபணமாகியிருக்கு. அவவுக்குத்தான் தேவை."

பரீதா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனா. அன்று பின்னேரம் றுக்கியா அங்கே போய், "மாமி, ஓர் இறாத்தல் தாங்களன்" என்றாள்.

"உங்களுக்கோ? நீங்க மரவள்ளிக்குச் சேட்டிபிக்கேட் எடுத்த வீடு மகள். உங்களுக்குக் கோதுமை மா தந்து நான் மறியலில் கம்பி எண்ணவா?"

வேறு வழியில்லை. பெருநாள் தட்டில் அந்தக் கல்லையே வைத்து, தலையில் ரோசாப் பூவைக் குத்தப் பார்த்தார்கள். குத்த முடியவில்லை. பசை போட்டு ஒட்டினார்கள். பக்கத்தில் சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழையும் வைத்து மூதூருக்கு அனுப்பினார்கள். தட்டுப் போன பிறகு லைலா ஒரு மூலையில் குந்தி அழுதாள். "உண்மையைத்தான் அனுப்பியிருக்கம் ராத்தா" என்றாள் றுக்கியா. லைலா இன்னும் பலமாக அழுதாள்.

உம்மு குல்சும் சான்றிதழை மூன்று தரம் வாசிப்பித்துக் கேட்டா. அரசாங்கமே பாஸ் பண்ணிய கேக். மூதூரில் எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் இப்படி ஒன்று வந்ததில்லை. "முத்திரை குத்தின சாமானை வெட்டக்கூடாது" என்று சொல்லி, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. வெட்டாதபடியால் குறையும் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "என்ன ருசி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமையே நாள் குறித்தாயிற்று.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது கொட்டியாரக் குடா முழுக்க ஒரே கதைதான். எந்த மாப்பிள்ளை வீடும் முத்திரை இல்லாத கேக்கை ஏற்கவில்லை. மெத்தென்ற கேக் போனால், "இது என்ன, தின்னவா அனுப்பினீங்க?" என்று திருப்பி அனுப்பினார்கள். கிளை வாசலில் கியூ நின்றது. பத்து இறாத்தல் மா வாங்கின பரீதாவும் மகளின் சம்பந்தத்துக்காக மரவள்ளியோடு நின்றா. இராசதுரைக்குப் பதவி உயர்ந்தது. ஆடிய பல் விழுந்துவிட்டதால் பரிசோதிக்க ஆள் தேவைப்பட்டது. அனுபவமுள்ள ஒரே விண்ணப்பதாரியான றுக்கியாவைத் தற்காலிகமாக எடுத்தார்கள்.

முதல் நாளே அசனா என்றொரு பெட்டை கேக் கொண்டுவந்தாள். மரவள்ளிதான், ஆனால் எப்படியோ பூப்போல வந்திருந்தது. றுக்கியா ஒரு துண்டு தின்றாள். கண்ணை மூடி இன்னும் இரண்டு தின்றாள்.

"நல்லாயில்லையா ராத்தா?" என்று அசனா பயந்து கேட்டாள்.

றுக்கியாவுக்குத்தான் பொய் வராதே.

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை" என்றாள். நிராகரிக்கப்பட்டது என்று எழுதி, மிச்சத்தைச் சான்றுப்பொருளாகத் தன் மேசைப் பக்கம் இழுத்து வைத்தாள்.