ஆமென் சொல்லுமுன் ஓடியவன்

அச்சம் எனக்கு நூல்களின் வழியாக மட்டுமே அறிமுகம் என்று, தமிழாசிரியனாகிய நான் முப்பது அகவைவரை மாணவரிடம் பெருமை பேசிவந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு காலைப்பொழுது, தூத்துக்குடி மருத்துவமனையொன்றின் வாசற்படியில் அப்பெருமை முடிந்தது.

என் இடக்கணுக்கால் நம்பத்தகாதது. பேருந்திலிருந்து இறங்கினால் மடங்கும். உப்பளத்து வரப்பில் நடந்தால் மடங்கும். ஒருமுறை கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றபோதே மடங்கியது. (மாணவர் எழுந்து நின்றது மரியாதையால் அன்று, விழுந்தவனைப் பார்க்க.)

"மூட்டைப் பிடிச்சிருக்கிற நார் தளர்ந்துபோச்சு சார்," என்றார் அறுவை மருத்துவர். "பக்கத்துத் தசைநாண்ல பாதியப் பிரிச்சு, எலும்புல துளை போட்டுக் கோத்துக் கட்டிருவோம். இப்படியே விட்டா மூட்டு தேஞ்சு, கம்பு ஊனித்தான் நடக்கணும்."

கம்புக்கு அஞ்சி இசைந்தேன். துளைக்கு அஞ்சி உறக்கம் இழந்தேன்.

அறுவை நாளன்று காலை என் மனைவியின் சித்தப்பா வந்தார். நாசரேத் ஊர்ப் பக்கத்துத் தேவாலயமொன்றில் உபதேசியார். எங்கள் உறவில் எவர் மருத்துவமனை புகுந்தாலும் அவர் ஜெபிக்காமல் மருத்துவம் தொடங்காது. "கண்ண மூடும் மாப்ள," என்று என் தலைமேல் கைவைத்தார்.

அவர் எதையும் விட்டுவைக்காதவர்.

"ஆண்டவரே, டாக்டர் கை நடுங்காதபடிக்குக் காத்தருளும். மயக்கம் தெளியாமப் போகாதபடிக்கு..." (தெளியாமலும் போகுமா?) "துளை போடுத கருவி எலும்புக்குள்ள ஒடிஞ்சிராதபடிக்கு. காலு அழுகிராதபடிக்கு, அழுகினாலும் முழங்காலோட நிக்கும்படிக்கு..."

நான் எண்ணியும் பாராத அச்சங்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைத்தார். "இவர் பிள்ளைகளுக்கு நீரே தகப்பனாயிரும்" என்ற இடத்தில் கண் விழித்தேன். அறையில் மற்றெல்லாக் கண்களும் மூடியிருந்தன. ஓடினேன்.

"ஏலே, கேஸு ஓடுதுலே! பிடில!" என்று வார்டுப் பணியாளர் கத்த, பின்புறம் முடிச்சிட்டிருந்த மருத்துவமனை அங்கி அவிழ்ந்து பறக்க, வாசலை அடைந்தேன். மூன்றாம் படியில் கணுக்கால் தன் வழக்கப்படி மடங்கியது. காரிலிருந்து இறங்கிய மருத்துவரின் காலடியில் குப்புற விழுந்தேன். (அங்கி அப்போது எவ்விடத்தில் இருந்தது என்பதை எழுதுவதற்கில்லை.)

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று அவர் குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

தூய தமிழில் விடை தேடினேன். "பயமா இருக்கு அண்ணாச்சி" என்பதே வந்தது.

"எனக்குந்தான் பயமா இருக்கு. இந்தக் காலோடயா ஓடுனீங்க?"

விழுந்ததில் கண்ட வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை மனைவி கட்டிலருகே காவலிருந்தாள். பின்னர் அறுவை நடந்தது. மயக்கம் தெளிந்தது, கருவி ஒடியவில்லை. ஆறு வார மாவுக்கட்டுக்குப் பின் அக்கால் ஒருமுறையும் மடங்கவில்லை. தம் ஜெபத்தில் ஒரு வரியும் வீண்போகவில்லை என்று சித்தப்பா ஊரெங்கும் சாட்சி சொன்னார்.

இன்றும் எங்கள் வீட்டில் எவரேனும் நோயுற்று, ஜெபிக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், என் மனைவி முதலில் போய்க் கதவைத் தாழிடுகிறாள். பிறகே, "இப்ப கண்ண மூடுங்க" என்கிறாள்.