கரைவலை போல் இழுத்த கலியாணப் படங்கள்

வவுனியா
கார்த்திகை 2001

அன்புள்ள மகன் அனிஸ்ரனுக்கு,

மாதாவின் துணையால் அம்மாவும் நானும் சுகம். நீயும், புதுப்பெண்ணான தங்கச்சி பிரியந்தினியும், மாப்பிள்ளையும் கனடாக் குளிரில் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். நிற்க.

படங்களை வைத்திருக்கிற உன்னுடைய சேர்வர் கொம்பியூட்டரை முடக்கியது நான்தான் என்று நீ ஈமெயிலில் கோபமாக எழுதியதைக் கொம்மியூனிக்கேசன் கடைக்காரர் தங்கராசா எல்லோர் முன்னாலும் வாசித்தார். நடந்ததைக் கேள். தங்கச்சியின் கலியாணப் படங்களைப் பார்க்க அம்மா கோயில் சேலையுடுத்து வந்தா. நீ எழுதிவைத்த புரோகிராம் அங்கே சேர்வரிலேயே படங்களையெல்லாம் சேர்த்து, சுருக்கி, ஒரே பொதியாகக் கட்டித் தரும், இங்கே பொத்தானை அழுத்தினால் போதும் என்றாய். அழுத்தினேன். பாதிப் பொதி வந்ததும் லைன் அறுந்தது. "வந்த பாதியையாவது காட்டுங்கோ" என்றேன். "அண்ணை, உள்ளுக்கு என்ன இருக்கெண்ட விபரம் பொதியின்ர வாலிலதான் இருக்கு. வால் வராமல் திறக்கேலாது" என்றார் தங்கராசா. இது எனக்குப் புதிதா? கரையில் நின்று இழுக்கிற கரைவலையிலும் மீன் சேருகிற மடி கடைசியாகத்தானே கரையேறும். கயிறு எவ்வளவு வந்தாலும் மடி வராமல் ஒரு மீனும் கிடையாது. முல்லைத்தீவில் மடி வரப் பிந்தினால் என்ன செய்வோம்? கரையில் நிற்கிற எல்லோரும் கயிற்றில் கைவைப்போம். அதைத்தான் செய்தேன். கடையிலிருந்த கொம்பியூட்டர் எல்லாவற்றிலும் எங்கள் ஊர்ச் சனத்தை இருத்தி, ஏலேலோ சொல்லி, ஒரேயடியாக விடாமல் அழுத்தவைத்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உன் புரோகிராம் முதலிலிருந்து புதுப்பொதி கட்டத் தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்? அத்தனையையும் ஒன்றாகக் கட்டப்போய், மூச்சுத் திணறி, சேர்வர் படுத்துவிட்டது. தங்கராசா தலையில் கைவைத்தார். அம்மா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தா. பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்குப் போக முடியாதவளுக்குப் படம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை.

ஆகவே அந்தப் புரோகிராமை அழித்துவிடு. படங்களைக் கடதாசியில் அடித்துத் தபாலில் போடு. இனி நான் அந்தக் கடைப்படி ஏறமாட்டேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்பு அப்பா,
யோசெப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அம்மா வந்துவிட்டா. நீ சேர்வரை எழுப்பிவிட்டாயாம். பூசை முடிந்து, எனக்குச் சொல்லாமல் தனியே கடைக்குப் போய், ஒருதரம் மட்டும் அழுத்திவிட்டு, பொதி வரும்வரை செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாவாம். முழுதாக வந்து திறந்ததாம். நான் இல்லாத இடத்தில் தங்கச்சியின் கைபிடித்துப் பீடம்வரை நீதான் கூட்டிப்போனாயாம். "இஞ்சாருங்கோ, அவன் நிக்கிற நிலை அப்படியே உங்கட நிலை" என்று சொல்லிச் சொல்லி அழுகிறா. புரோகிராமை அழித்துவிடாதே, மகன். நாளைக்கு நானும் போகிறேன். கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன், அம்மாவே அழுத்தட்டும்.