மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கும் விஷயமாக

ஓசூர்,
மே 19

மத்தூர் மாந்தோப்புக்காரரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான சிவராஜ் அவர்களுக்கு, மாமா நாராயணப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அக்காள் நாகம்மா நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. மாடியில் குடியிருக்கும் சந்தோஷ் பரம சௌக்கியம். அவன் அங்கே சௌக்கியமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. உன் வீட்டில் அருணாவும் பையன் ஹரீஷ்குமாரும் நலமாயிருக்க மலைக்கோயில் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறாய், நான் உனக்குக் கேட்க வேண்டுமென்று கத்துகிறேன், அது மத்தூரில் கேட்கிறதோ இல்லையோ மாடியில் நன்றாகக் கேட்கிறது. இது அவன் காதில் விழக் கூடாத சங்கதி. அதனால்தான் பேனா.

நீ கோபமாகக் கேட்டாயே, "தெரிஞ்சே எப்படி மாமா ஒரு மிஷனரிக்கு வீடு விட்டீங்க?" என்று. தெரிந்து விடவில்லை மச்சான். போன வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் வீட்டுப் புரோக்கர் மணி வந்து, "ஃபாரின் பையன்ங்க, மிஷனரிங்க, தனி ஆளு, பீடி சிகரெட்டு ஒண்ணும் கிடையாது" என்றான். என் காதில் மெஷினரி என்று விழுந்தது. ஓசூரில் எவன் காதிலும் அப்படித்தான் விழும், இங்கே இரண்டு பேரில் ஒருவன் மெஷினில்தான் நிற்கிறான். நானும் விவரமாக, "எத்தனை ஷிஃப்டு?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ரெண்டு ஷிஃப்டுங்க" என்றான் மணி. அவன் சொன்னது காலை ஆராதனை, மாலை ஆராதனை என்று பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிற பையன் உழைப்பாளியாகத்தான் இருப்பான் என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஊர் பிலிப்பைன்ஸ், வயது இருபத்து நான்கு, பெயர் ஜோயல் சான்டோஸ். அந்தப் பெயர் உன் அக்காள் வாயில் நுழையவில்லை. பெட்டியோடு படியேறும்போதே, "சந்தோஷு, செருப்பைக் கழட்டிட்டு ஏறுப்பா" என்றாள். அவனும் கழற்றினான். அன்றிலிருந்து அவன் சந்தோஷ்தான்.

பாவம், சென்னையில் ஆறு மாதம் தமிழ் படித்து, புத்தகமும் கையுமாக வந்தவன். வந்து பார்த்தால் எதிர்வீட்டில் கன்னடம், பால் ஊற்றும் வெங்கடம்மாள் தெலுங்கு, பக்கத்து லைன் வீடுகளில் இந்தி, ஒரிசாக்காரர் பாஷை, இன்னும் எனக்கே பெயர் தெரியாதவை. இவனுடைய முகத்தைப் பார்த்து எல்லோரும் அசாம்காரன் என்று முடிவுகட்டி இந்தியில் பேச, இவன் தமிழில் பதில் சொல்ல, அவர்கள் இங்கிலீஷுக்கு ஓட, ஒரு மாதம் அவனுக்கு எங்கள் தெருவில் ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது காலையில் கதவைத் தட்டி, "அங்கிள், பாகிலு தீயண்டி, தண்ணி வந்துச்சு" என்கிறான். கதவு கன்னடம், திறப்பது தெலுங்கு, தண்ணீர் தமிழ். நான் திருத்தலாமென்று வாயைத் திறந்தேன். நாமும் அப்படித்தானே பேசுகிறோம் என்று மூடிக்கொண்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி அவன் யாரையும் மாற்றிவிடவில்லை. ஒருநாள் எனக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தான், நான் அவனுக்குக் கோயில் விபூதிப் பொட்டலம் கொடுத்தேன். அவரவர் வீட்டு ஃபிரிட்ஜ் தலைமேல் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. மாறியது என்று பார்த்தால் அவன்தான். ராகிக் களியை மெல்லாமல் விழுங்க உன் அக்காள் கற்றுக் கொடுத்துவிட்டாள். முதல் நாள் களியை அரைமணி நேரம் மென்று, தாடை வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் முதல் தேதி ஹரீஷ் இங்கே கம்பெனியில் சேருகிறான், அதற்குள் மாடியைக் காலி பண்ணி வையுங்கள் என்று நீ சொன்னாய். சரி என்றேன். சொந்தத்துக்கு இல்லாத வீடு எதற்கு? ஆனால் என்னை உனக்குத் தெரியும். ஒருத்தன் முகத்துக்கு நேரே போ என்று சொல்ல எனக்கு வராது. நாசூக்காகச் சொல்வோம், புரிந்துகொண்டு போய்விடுவான் என்று பார்த்தேன். முதலில், "தம்பி, கோடையில மேல தண்ணி ஏறாதுப்பா, ரொம்பக் கஷ்டம்" என்றேன். நம் ஊர் ஆளாயிருந்தால் அன்றைக்கே வேறு வீடு பார்க்கக் கிளம்பியிருப்பான். இவன் மறுநாள் விடியலில் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து, எங்களுக்குத்தான் தண்ணீர்க் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் வாசல் டிரம்மை முதலில் நிரப்பிவிட்டு மேலே போகிறான். பதினைந்து நாளாக இது நடக்கிறது. உன் அக்காள் முழங்கால் வலிக்கு இது எவ்வளவோ தேவலை என்கிறாள்.

அடுத்து, "சொந்தக்காரங்க வராங்கப்பா, மேல வீடு தேவைப்படும் போலிருக்கு" என்றேன். இதைவிட எப்படிச் சொல்வது? அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அறையைக் கழுவி, கேட்டில் வெல்கம் என்று எழுதி ஒட்டி, "எந்த பஸ் அங்கிள்?" என்று என்னிடம் கேட்டான். நான் வாய்க்கு வந்ததை, ஹரீஷ்னு பையன், கிருஷ்ணகிரி பஸ் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹரீஷை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். அங்கே கம்பெனிகளுக்குத் தினக்கூலி ஆள் ஏற்றுகிற வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றிருக்கிறான். மேஸ்திரி இவன் முகத்தைப் பார்த்து, "சலோ சலோ" என்று முதுகைத் தட்ட, விருந்தாளி இருக்கும் இடத்துக்குத்தான் அழைத்துப் போகிறார்கள் என்று இவன் நன்றி சொல்லி ஏறிவிட்டான். வேன் நேராகப் போச்சம்பள்ளிக்குப் போய்விட்டது. நான் இங்கே ஆஸ்பத்திரி, போலீஸ் என்று தேடி அலைய, அவன் மத்தியானம் வரை அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறான். கடைசியில் மேஸ்திரி போன் செய்து, "ஆளு யாருங்க? நல்லா வேலை செய்றான், நாளைக்கும் அனுப்பி வைங்க" என்கிறான். சாயங்காலம் தலையில் கம்பெனித் தொப்பியோடு வந்து இறங்கினான். கோபமா, களைப்பா என்று பார்த்தால், "அங்கிள், பீகார், ஒரிசா, அசாம், எல்லாரும் ஒண்ணா சாப்ட்டோம்! ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன்" என்கிறான். பிறகு, "ஹரீஷ் மட்டும் வரல" என்று வருத்தப்பட்டான்.

இனி தாங்காது என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "தம்பி, மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்" என்றேன். மச்சான், வெள்ளையடிக்கணும் என்றால் வீட்டைக் காலி பண்ணு என்று அர்த்தம். ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வாடகைக்கு இருக்கிற சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். இவன், "அப்படியா அங்கிள்?" என்று யோசித்துவிட்டுப் போனான். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ராத்திரி களி இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அக்காளும் தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், தெருமுனையிலிருந்தே எங்கள் வீடு பளபளவென்று தெரிகிறது. ஆராதனை முடிந்த கையோடு போச்சம்பள்ளிக் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, மாடி, படிக்கட்டு, காம்பவுண்டுச் சுவர் என்று அடித்துத் தள்ளியிருக்கிறான். மாடி வாசக்காலுக்கு மேலே பெருமாள் நாமம் வரைந்திருக்கிறதல்லவா, அதை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சின்னத் தூரிகையால் அடித்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "அது உங்க சாமியோடது அங்கிள். கேக்காம தொடலாமான்னு தெரியல" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன் அக்காள் அவனுக்கும் கூட வந்த ஒன்பது பேருக்கும் உட்காரவைத்து முறுக்கும் காபியும் கொடுத்தாள். நானும் போய்க் காபி ஆற்றினேன்.

இருந்தாலும் சொன்ன சொல் தவற மாட்டேன். உறவு உறவுதான், குடித்தனக்காரன் குடித்தனக்காரன்தான். நாளைக் காலை எப்படியும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். முப்பத்தொன்றாம் தேதி ஹரீஷைப் பாய் தலையணையோடு அனுப்பி வை. புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டில் குடியேறும் யோகம் அவனுக்கு. அருணாவுக்கு எங்கள் ஆசிகள். ஹரீஷ் வேலையில் நிலைத்து, நல்ல பெயர் எடுத்து, தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இந்த வருஷம் காய்ப்பு குறைவு என்று நீ சொல்லுமுன்பே சொல்கிறேன், இரண்டு கூடை மாம்பழம் போதும்.

இப்படிக்கு,
உன் மாமா,
நாராயணப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன், இன்று காலை குளிக்கப் போனேன். உன் அக்காள் தினம் காலையில் அவனுக்குப் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பாளாம், எனக்கே தெரியாது. இன்றைக்குப் பேப்பர் போடும் ஆள் வரவில்லை. அவள் கண்ணாடி இல்லாமல் கைக்குக் கிடைத்த காகிதத்தை எடுத்து, "இதைப் படிப்பா" என்று கொடுத்திருக்கிறாள். நான் துண்டோடு வெளியே வரும்போது அவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். "வெள்... ளை... யடிக்... கணும் என்... றால்... வீட்... டைக் கா... லி பண்... ணு என்று... அர்த்... தம்."

அவன் அந்த வரியை இன்னொரு தடவை, இந்த முறை நிற்காமல் படித்தான். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி ஏறாது, சொந்தக்காரங்க வராங்க, அதுவும் இதேதானா அங்கிள்?" என்றான். நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சாரி அங்கிள். புஸ்தகத்துல இது இல்ல. எனக்கு நேரா சொன்னாத்தான் புரியும். நான் என்னைக்குப் போகணும்?" என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எங்கள் பெண் அனிதாவைக் கட்டிக்கொடுத்துப் புனேவுக்கு அனுப்பியபிறகு, இந்த வீட்டுப் படிக்கட்டில் ஒருவர் தடதடவென்று ஓடி இறங்கியது இவன் வந்தபிறகுதான் மச்சான். உன் அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். "எங்கயும் போக வேணாம். இங்கயே இரு" என்றேன். எனக்கு அறுபத்து மூன்று வயது, சுற்றி வளைக்காமல் நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று உன் அக்காள் சொல்கிறாள்.

ஹரீஷ் தாராளமாக வரட்டும். கீழே முன் அறையில் எங்களோடு இருக்கட்டும், எங்களோடு சாப்பிடட்டும். உன்னிடமும் நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். மாடி காலி இல்லை.