நேயரின் திருகோணமலையில் கடல் இல்லை

திருகோணமலையில் நின்று கத்தினால் கனடாவில் கேட்கக்கூடிய குரல் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது. அப்படிப்பட்டவர் இன்டர்நெட்டையும் பாவித்தது வீண் செலவு என்பதே டொக்யார்ட் வீதிக் கடைக்காரர்கள் அனைவரினதும் ஏகோபித்த கருத்து.

அவரை நாங்கள் நேயர் என்று அழைத்தோம். அவர் எங்களை 'நேயர்களே' என்று அழைத்ததால் வந்த வினை. மீன்காரரும் நேயர்களே, தபால்காரரும் நேயர்களே, குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கும் சொந்த மனைவியும் நேயர்களே. ஓர் ஆளைப் பார்த்துப் பன்மையில் பேசுகிறோமே என்ற கூச்சம் அவருக்குக் கிடையாது. மிச்சப் பேர் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்பது போல நடந்துகொள்வார்.

தொழில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. கோயில் திருவிழா, கல்யாணம், விளையாட்டுப் போட்டி எதுவானாலும் குழாயைக் கட்டி, அறிவிப்பையும் தானே செய்வார். சமாதானப் பேச்சு முறிந்து, குண்டுவெடிப்பும் கடையடைப்பும் மாறி மாறி வரத் தொடங்கியதும் ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. நேயரின் குழாய்கள் முற்றத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்குள் ஒரு கோழி முட்டையிடப் பழகிக்கொண்டது. அது உள்ளே இருந்து கொக்கரித்தால் ஒழுங்கையின் இரு பக்க வீடுகளும் திடுக்கிட்டு எழும்பும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் மனிதர் மெலிந்துகொண்டே போனார். அந்த நேரத்தில்தான் பாரிஸிலிருந்த அவருடைய தங்கை, சவர்க்காரக் கட்டியளவு டிஜிட்டல் கமரா ஒன்றை அனுப்பிவைத்தாள்.

அப்போது நான் அந்த வீதியில் ஒரு கொமினிகேஷன் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ரெலிபோன் இணைப்பு. அதிலேதான் வெளியூருக்குக் கதைப்பவர்கள் கதைப்பார்கள். அதிலேதான் மூன்று கம்பியூட்டர்களுக்கு இன்டர்நெட்டும் வரும். என் மனைவி சுபா மேசையில் இருந்து கணக்குப் பார்ப்பாள். ஒரு நாள் காலை நேயர் கமராவைக் கற்பூரத் தட்டுப் போல ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"தம்பி, இதுக்குள்ள நான் கதைச்சா உலகம் முழுக்கப் பார்க்கலாமாம். மெய்யோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் வியாபாரம் கெட்டது.

யாரும் தாங்கள் எடுத்த வீடியோவைத் தாங்களே ஏற்றி உலகத்துக்குக் காட்டலாம், பார்ப்பவர்கள் அதன் கீழே கருத்தும் எழுதலாம் என்ற மாதிரித் தளங்கள் அப்போதுதான் முளைத்திருந்தன. அப்படி ஒன்றில் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தேன். 'நேயர் நேரம்' என்று பெயர் வைத்தார். கடை வாசலில் நின்று, கமராவைக் கை நீட்டிப் பிடித்து, "வணக்கம் நேயர்களே!" என்று ஒரு முழக்கம். எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒருவர் கையிலிருந்த பம்பைக் கீழே போட்டுவிட்டார்.

சுபா காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அண்ணை, மைக் அதுக்குள்ளயே இருக்கு. மெதுவாக் கதைச்சாக் காணும்."

"பாரிஸ் எண்டால் மெதுவாக் கதைக்கலாம் தங்கச்சி. இது கனடாவுக்கும் போகுதெல்லோ!"

இரண்டு நிமிட வீடியோ ஒன்றை ஏற்றக் காலையில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு தாண்டிவிடும். இடையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் போச்சு, திரும்ப முதலிலிருந்து. ஆகவே நேயர் ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ரிசீவரின் மேல் உள்ளங்கையை வைத்துக் காவல் இருப்பார். ரெலிபோன் எடுக்க வருபவர்களை அவரே விசாரிப்பார்.

"அவசரமோ? ஆரும் செத்தவையோ?"

"சீச்சீ, இல்லை."

"அப்ப பின்னேரம் வாங்கோ."

கம்பியூட்டரில் இருக்கும் இளைஞர்களையும் விடமாட்டார். "தம்பிமார், கொஞ்ச நேரம் கதையைக் குறையுங்கோ. வயருக்குள்ள நெரிசல்!"

"இந்த மனிசனைக் கடைக்குள்ள விடாதேங்கோ" என்று சுபா தினமும் சொன்னாள். தினமும் அவர் வந்தார்.

முதலாவது கருத்து வந்த நாள் மறக்க முடியாதது. யாரோ முகம் தெரியாத ஒருவர், 'நைஸ்' என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தார். நேயர் வீதி முழுவதற்கும் இனிப்பு ரொபி வாங்கிக் கொடுத்தார். எழுதியவருக்குப் பெயர் இல்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த ஏதோ ஒன்றுதான் இருந்தது. மறுநாள் நேயர் நேரம் முழுவதும், "மதிப்புக்குரிய எக்ஸ் எழுபத்தேழு அவர்களே, தாங்களும் தங்கள் குடும்பத்தினரும்..." என்று தொடங்கும் நன்றியுரை.

பிறகு டொரொன்டோவிலிருந்து ஒருவர் எழுதினார்: 'அண்ணை, கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியிருந்தால் எங்கட வீட்டு வாசல் கேற் தெரிஞ்சிருக்கும்.' நேயர் அதே இடத்துக்குப் போய், அதே சட்டையோடு நின்று, இடப்பக்கம் திருப்பினார். கேற் தெரிந்தது. துருப்பிடித்த, ஒரு பக்கம் சரிந்த சாதாரணக் கேற். அதற்குக் கீழே அந்த மனிதர் எழுதியதை நேயர் இரண்டு தரம் வாசித்தார். 'இருபது வருஷத்துக்குப் பிறகு பாக்கிறன். நீங்கள் நல்லா இருக்கவேணும்' என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஆளை நிறுத்த முடியவில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவர் எதைக் கேட்டாலும், வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நேயர் புறப்பட்டுவிடுவார். தாங்கள் நட்ட மாமரம் காய்க்கிறதா என்று ஒருவர் கேட்டார். மாங்காயைக் கடித்துக் காட்டினார். சல்லி அம்மன் கோயில் மணியைக் கேட்கவேண்டும் என்றார் இன்னொருவர். சைக்கிளில் போய்ப் பிடித்து வந்தார். நோர்வேயிலிருந்து ஒருவர், பெயரைச் சொல்லாமல், இன்ன ஒழுங்கையில் இருந்த இன்னார் சுகமா என்று கேட்டார். அது பழைய காதல் விவகாரம் என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது, நேயரைத் தவிர. அவர் நேரே அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, அந்தப் பெண்ணின் புருஷனிடமே கமராவை நீட்டினார்.

"நோர்வேயில இருந்து ஒரு நேயர் உங்கட மனிசி சுகமோ எண்டு கேக்கிறார்."

அந்தப் புருஷன் நல்லவர். கமராவை நேராகப் பார்த்து, "சுகமா இருக்கிறா. விருப்பமெண்டா வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ" என்றார். நேயர் நேரத்தில் மிக அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

ஒரேயொரு சங்கடம். கடற்படை இருந்த துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்ப அனுமதி இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது துறைமுகப் பக்கம். ஆகவே கடலே இல்லாத ஒரு திருகோணமலையை நேயர் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "நேயர்களே, எனக்குப் பின்னால..." என்று தொடங்கி, திடீரென்று நினைவு வந்து, "பின்னால ஒண்டுமில்லை. முன்னால ஒரு மான் நிக்குது, பாருங்கோ" என்று முடிப்பார். எங்கள் ஊர்த் தெருக்களில் மான்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் சோதனைச் சாவடியில் கமராவை வாங்கிப் பார்த்த சிப்பாய் ஒருவர், மான், கேற், மான், மாங்காய், மான் என்று பார்த்துக் களைத்துப்போய், "ஐயா, ஏன் இவ்வளவு மான்?" என்று கொச்சைத் தமிழில் கேட்டாராம்.

"மானுக்கு அனுமதி தேவையில்லை மாத்தயா" என்று சிங்கள மரியாதையோடு சொன்னாராம் நேயர்.

கடைசியில் லண்டனிலிருந்து ஒருவர், 'திருகோணமலையில் கடல் வற்றிப் போச்சோ?' என்று எழுதினார். நேயர் மீன் சந்தைக்குப் போய், துடித்துக்கொண்டிருந்த பாரை மீன் ஒன்றை வாலில் தூக்கிப் பிடித்தார். "நேயர்களே, கடல் இருக்குது. இவர் இப்பதான் அங்க இருந்து வாறார்!"

பிறகு மூதூர்ப் பக்கம் சண்டை தொடங்கியது.

குடாவுக்கு அப்பாலிருந்து வந்த ஷெல் சத்தத்தில் எங்கள் கடைக் கண்ணாடிகள் நடுங்கின. மூதூருக்குப் போகும் லோஞ்ச் நின்றது, பாதை மூடப்பட்டது. சுபாவின் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்துக் கிளிவெட்டியில் இருந்தார்கள். சனம் எல்லாம் எழும்பி ஓடிவிட்டது என்பது மட்டும் தெரியும். எந்தப் பக்கம் ஓடியது, யார் தப்பியது, ஒரு கதையும் இல்லை. தெரிந்த எல்லா இலக்கங்களுக்கும் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் வேலை செய்யவில்லை. சுபா சாப்பாட்டை விட்டாள். பிறகு பேச்சையும் விட்டாள்.

ஊரடங்கைத் தளர்த்திய ஒரு மத்தியானம் நேயர் வந்தார். சுபாவைப் பார்த்தார். அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் அதுவரை அவரிடம் கேட்டேயிராத ஒரு குரலில் சொன்னார்: "தங்கச்சி, இண்டைக்கு நான் கதைக்கேல்லை. நீங்கள் கதையுங்கோ."

கமராவை அவள் பக்கம் பிடித்தார்.

"நான் சுபா" என்று தொடங்கினாள். "அப்பா அம்மா கிளிவெட்டி. ரெண்டு பேரின்ர கதையும் இல்லை. அப்பா உயரம், கொஞ்சம் கூன். அம்மாவுக்கு இடக்காது கேளாது..." அதற்கு மேல் ஒழுங்காகச் சொல்ல அவளால் ஏலவில்லை. அழுகையோடு வாயில் வந்ததைச் சொன்னாள். "அப்பா காலமை எழும்பினாத் தும்முவார். துவங்கினா நிப்பாட்டமாட்டார், பட்டியில நிக்கிற மாடெல்லாம் எழும்பும். ஆராவது கேட்டனீங்களோ?"

தும்மல் பகுதியை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன்.

"வெட்டாதேங்கோ தம்பி. அப்பாவைப் பற்றிப் பிள்ளை சொல்லுறதை நாங்கள் ஏன் வெட்டுவான்?" என்றார் நேயர்.

அன்று கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பாதி ஏறும், அறும். திரும்பத் தொடங்குவோம், திரும்ப அறும். ஊரடங்கு திரும்பவும் போட்டுவிட, நேயர் அன்று வீட்டுக்குப் போகவே இல்லை. ரிசீவரின் மேல் கையை வைத்தபடி அந்தக் கதிரையிலேயே இருந்தார். விடிந்தபோது வீடியோ ஏறியிருந்தது.

கருத்துகள் வரத் தொடங்கின. டொரொன்டோக் கேற்காரர் தனக்குத் தெரிந்த அத்தனை பேரையும் எழுப்பிவிட்டதாக எழுதினார். நோர்வேக்காரர், இந்த முறை சொந்தப் பெயரில், மட்டக்களப்பில் இருந்த நண்பர்களுக்குச் சொல்லியிருந்தார். டோஹாவில் வேலை செய்த கிண்ணியாக்காரர் ஒருவர், கந்தளாய் அகதி முகாம்களில் தேடும்படி தன் மூத்த சகோதரரான நானாவிடம் சொல்லியிருப்பதாகவும், சுபாவுக்காகத் துஆக் கேட்டுப் பிரார்த்திப்பதாகவும் எழுதினார். இவர்களில் ஒருவரையும் நாங்கள் கண்டதில்லை. மாங்காயும் மானும் பார்க்க வந்த மனிதர்கள்.

சில நாள் கழித்து, நேயர் வேறொரு வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது, சுவிஸிலிருந்து ஒரு பெண் எழுதியது திரையில் வந்தது. 'எங்கட அக்கா மட்டக்களப்பில ரீச்சர். அவவின்ர பள்ளிக்கூடத்தில இடம்பெயர்ந்த சனம் இருக்கு. அதில ஒரு ஐயா காலமை தும்மித் தும்மி முழு மண்டபத்தையும் எழுப்பிறாராம். அவரா எண்டு கேட்டுப் பாருங்கோ.' கீழே அந்த ரீச்சரின் ரெலிபோன் இலக்கம்.

சுபா ரிசீவரைப் பார்த்தாள். அதன் மேல் நேயரின் கை இருந்தது. காலையிலிருந்து ஏறிய வீடியோ முடிய இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் நேயர் தானே ரிசீவரைத் தூக்கினார். திரையில் எல்லாம் அறுந்து நின்றது.

"இது நாளைக்கும் ஏறும். நீங்கள் எடுங்கோ தங்கச்சி."

அந்தப் பக்கம் ரீச்சர் ஆளைக் கூப்பிட ஓடினார். நாங்கள் சுபாவைச் சுற்றி நின்றோம். பிறகு சுபா ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க, மாமாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஆரடி அது, என்ர தும்மலை உலகம் முழுக்கச் சொன்னது?"

சுபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டாள். மாமியும் அங்கே மாமாவின் பக்கத்தில் இருந்தார். வாகரைப் பக்கத்தால் நடந்தும் படகிலுமாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நேயர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீதியில் போன ஒரு மானை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து கடை வாசலில் சனம். ஒவ்வொருவரும் ஒரு பெயரோடு வந்தார்கள். நேயர் ஒவ்வொருவரையும் கதிரையில் இருத்தி எடுத்தார். "தாய்மாரே, வடிவான கதை வேண்டாம். அவையைப் பற்றி எது ஞாபகம் வருதோ அதைச் சொல்லுங்கோ" என்பார். சிலருக்குப் பதில் வந்தது. பலருக்கு வரவில்லை. மகனைத் தேடி ஓர் அம்மா நாள் தவறாமல் வந்து, "எனக்கு ஏதும் எழுதியிருக்கினமோ?" என்று கேட்பார். இல்லை என்ற சொல் நேயரின் வாயில் வராது. "பார்த்துக்கொண்டுதான் இருக்கினம் அம்மா" என்பார். அந்த அம்மா போன பிறகு, அவருடைய வீடியோவைத் திறந்து கருத்துகளைத் திரும்பவும் தேடுவார்.

ஒரு நாள் விசாரணைக்கு வரும்படி அவரை அழைத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அன்று டொக்யார்ட் வீதியில் ஒருவரும் வியாபாரம் செய்யவில்லை. எல்லோரும் வாசலில் நின்றோம். பொழுதுபடும்போது குடையும் கமராவுமாக மனிதர் வந்து சேர்ந்தார்.

"என்ன அண்ணை கேட்டவை?" என்றேன்.

"எல்லா வீடியோவையும் போட்டுப் பார்த்தவை. ஒரு நேயர் பாக்கியில்லாமல் இருந்து பார்த்தவை!" என்றார். சுபா பால் விடாத பிளேன்ரி போட்டுக் கொண்டுவந்து, அவர் குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். மறுநாள் காலை வழமை போல் கடைக்கு வந்து, ஒரு கிழவரை இருத்திக் கமராவைத் திறந்தார்.

உப்புக்காற்றில் அந்தக் கமரா ஒரு நாள் செத்தது. கம்பியூட்டர் எல்லோர் கைக்குள்ளும் வந்ததும் என் கடையும் மூடியது. சண்டை முடிந்து மாமாவும் மாமியும் கிளிவெட்டிக்குத் திரும்பினார்கள். எங்கள் மகளின் முதல் பிறந்தநாளுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நேயரும் வந்தார். வந்ததும் படம் எடுப்பவரைத் தள்ளி நிற்கச் சொன்னார், கேக் மேசையைத் திருப்பிப் போட்டார், மாமாவை எழுப்பி வேறு கதிரையில் இருத்தினார்.

கொழும்பிலிருந்து வந்த என் பெரியம்மா எரிச்சலோடு சுபாவைக் கேட்டார்: "ஆர் பிள்ளை இந்த மனிசன்? ஒருதரையும் நிம்மதியா இருக்க விடுறாரில்லை."

"என்ர அண்ணா" என்றாள் சுபா.

சுபா வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெரியம்மாவுக்கும் அது தெரியும். அவர் கொஞ்சம் தள்ளி இருந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.