'அவரு'வைத் தேடிய சனிக்கிழமை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் எதையாவது கேட்டால் படித்துப் பார்க்காமல் 'சரி' என்று அழுத்திவிடுவேன். இத்தனைக்கும், 'கேள்வியை முழுசாப் படிச்சிட்டு எழுதுங்கடா' என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிற தமிழ் டீச்சர் நான்.

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். இன்ஜின் ரூமில் குழாய், வால்வு எல்லாம் அவர் கைவேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் திருவொற்றியூர். சொந்த அத்தை மகன்தான். அதனால் எங்களுக்குள் 'வாங்க, போங்க' கிடையாது, 'மாமா, நீ' என்றுதான் பேச்சு. பிள்ளைகள் இல்லை. ஒன்பது மாதமும் அரை டம்ளர் அரிசி, ஒரு தட்டு, நான்.

அந்த முறை கிளம்புவதற்கு முன், கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் இணையப் பக்கத்தை வழக்கம்போல லேப்டாப்பில் புக்மார்க் செய்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு நான் வைத்த பெயர் 'அவரு'. அதற்கு முந்தைய கப்பல்களெல்லாம் 'அவரு பழசு', 'அவரு பழசு 2' என்று கீழே வரிசையாக இருந்தன (சிரிக்காதீங்க, எனக்கு அது வசதியாக இருந்தது).

காலையில் டீயோடு உட்கார்ந்து 'அவரு'வை அழுத்துவேன். நீலக் கடலில் ஒரு சின்னப் புள்ளி. நேற்றைக்கு இன்றைக்கு அரை நகம் நகர்ந்திருக்கும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். அது பழைய கப்பல், கரையோரம் வந்தால்தான் போனில் சிக்னல். அதுவரை எனக்குப் புருஷன் அந்தப் புள்ளிதான். 'இன்னா மாமா, சாப்டியா?' என்று அதனிடம் பேசியிருக்கிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை. போனில் எப்போதும், 'ஜாலியா கீறேன் மாமா, ஸ்கூல் வேலையே சரியா கீது' என்றுதான் சொல்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்டாப் ரொம்ப மெதுவாக ஓடியது. சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பிரவுசரைத் திறந்தால் முதலில் இரண்டு வட்டத்தில் இரண்டு பெயர் வரும். ஒன்று அவர், ஒன்று நான். காலையில் 'அவரு'வைப் பார்க்க அவர் வட்டத்துக்குள்தான் போவேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி, எதற்கு ரெண்டு பேர் என்று தோன்றியது. அவர் வட்டத்தை நீக்கினேன். அது என்னவோ நாலு வரியில் கேட்டது. 'சரி' என்று அழுத்தினேன். (புக்மார்க்கெல்லாம் லேப்டாப்பில்தானே இருக்கிறது, ஆளை எடுத்தால் அது எங்கே போகும் என்பது என் அறிவு.)

புதன்கிழமை காலை டீ ஆறிப்போனது. 'அவரு' இல்லை. பழசுகளும் இல்லை.

பதறாமல் யோசித்தேன். கப்பல் பெயரைப் போட்டுத் தேடினால் முடிந்தது. அப்போதுதான் உறைத்தது, எனக்குக் கப்பலின் பெயர் தெரியாது. ஏழு மாதம் தினமும் பார்த்த பக்கம், மேலே கொட்டை எழுத்தில் பெயர் இருந்திருக்கும். நான் புள்ளியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். நான் காத்திவாக்கத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கரையில் நின்றபடியே, தூரத்தில் வருகிற போட்டின் வண்ணத்தைப் பார்த்து இன்னார் போட்டு, இன்ன பேர் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் குலத்தில் வந்து, புருஷன் ஏறின கப்பலின் பேர் தெரியவில்லை என்று என் அத்தையிடம் எந்த வாயால் கேட்பேன்?

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்கார ஜெபராணி அக்காவிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அழிக்கதுக்கு முந்தி என்ன போட்டிருக்குன்னு வாசிக்கலியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"டீச்சர்தான நீங்க?" என்று கேட்டுவிட்டுத் தேடினார். "பயப்படாதிய. ஒங்க வீட்டுக்காரவுக மெயிலோட சேத்துத்தான் வச்சிருக்காவ போல. அந்த மெயிலத் திறந்தா எல்லாம் திரும்பி வந்துரும். அவுக போனுக்கு ஒரு நம்பர் வரும், கேட்டுச் சொல்லுங்க."

"போன் கடல்ல கீதுக்கா."

"எந்தக் கப்பலு?"

நான் லேப்டாப்பை மூடினேன். அவரைப் பிடித்தால்தான் கப்பல் கிடைக்கும், கப்பல் கிடைத்தால்தான் அவரைப் பிடிக்க முடியும். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடலில் எந்த மூலையில் இருக்கிறார் என்று தெரியாமல் தூங்கி எழுவது அதுதான் எனக்கு முதல் தடவை.

சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல், அவரை வேலைக்கு அனுப்பிய ஆபீஸின் அவசர நம்பருக்குப் போன் போட்டேன்.

"கப்பல் பேர் சொல்லுங்க மேடம்."

"அது... கீழ சிவப்பா, மேல வெள்ளையா இருக்கும்."

"எல்லாக் கப்பலும் அப்படித்தான் மேடம். என்ன விஷயம்?"

புக்மார்க் போய்விட்டது என்று சொல்ல நா எழவில்லை. "குடும்ப விஷயம் சார்" என்றேன்.

அந்தக் குரல் சட்டென்று இறங்கியது. "கவலைப்படாதீங்க மேடம். தைரியமா இருங்க. உடனே பேச வைக்கிறோம்." என் கணவரின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நான் நெகிழ்ந்துகூடப் போனேன் (லூசு, லூசு). கப்பல்காரர்களிடம் 'குடும்ப விஷயம்' என்றால் சாவு என்று அர்த்தமாம். யார் எனக்குச் சொன்னார்கள்?

அதோடு விட்டார்களா? இன்னொரு நம்பராக அத்தையின் நம்பரையும் என் கணவர் அங்கே கொடுத்து வைத்திருந்தார். அங்கேயும் கூப்பிட்டு, 'உங்க மகன் வீட்டுத் துக்கத்துக்கு வருந்துறோம்' என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் காத்திவாக்கத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ முழுக்கப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மாரில் அடித்துக்கொண்டு முன்னால் வந்த அத்தை, கதவைத் திறந்த என்னைப் பார்த்து அப்படியே நின்றது.

"நீ நல்லாத்தான கீற? அப்ப செத்தது யாரு?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர், கப்பலில் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கும் சாட்டிலைட் போனாம். அத்தை பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டது. மறுமுனையில் அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

"யாருக்கு இன்னா ஆச்சி? அம்மாவா?"

"நான் குத்துக்கல்லாட்டம் கீறேன் நைனா. உன் பொண்டாட்டியத்தான் கேக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை.

"மாமா, உன் கப்பலு பேரு இன்னா?"

மறுமுனையில் அழுகை நின்றது.

"இன்னாது?"

"கப்பலு பேரு மாமா."

"இங்க கேப்டன் என் தோள்மேல கைய வெச்சிகினு நிக்கிறாரு. சமையல்காரரு தண்ணி எடுத்துகினு வந்துகீறாரு. பேரு கேக்கவா கூப்ட்ட?"

"பேரு தெர்லன்னா நீ எங்க கீறன்னு தெர்ல மாமா. நாலு நாளா தெர்ல" என்றேன். சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டேன், அத்தனை பேர் முன்னால்.

அவர் குரல் மாறியது. "தெனம் பாப்பியா?"

"காலைல டீ குடிக்க சொல்லோ."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி."

ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சுவது அத்தனை பேருக்கும் கேட்டது. பிறகு கப்பலின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் அத்தை மனப்பாடம் செய்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துக் கப்பல் கரை பிடித்ததும் அவர் போனுக்கு வந்த நம்பரைச் சொன்னார். ஜெபராணி அக்கா கடையில் அவர் வட்டமும், அதற்குள் 'அவரு'வும் பழசு ஆறும் வரிசையாகத் திரும்பி வந்தன. அக்கா பட்டியலை நிதானமாகப் படித்தார். "ஏம்மா, ஒங்களுக்கு மொத்தம் எத்தன பேரு?" பிறகு எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக எடுத்து, பென் டிரைவில் ஒன்று, என் மெயிலுக்கு ஒன்று என்று போட்டுக் கொடுத்தார். நான் பிரின்ட் எடுத்து லேமினேஷனும் செய்து அரிசி டிரம்முக்கு மேலே ஒட்டினேன்.

அவர் லீவில் வந்த மறுநாள் காலை டீயோடு உட்கார்ந்து, கை பழக்கத்தில், 'அவரு'வை அழுத்தினேன். கப்பல் எங்கோ தென்னமெரிக்காப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார், "நான் இங்க கீறேன். அங்க யார பாத்துகினு கீற?"

இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு 'எப்படி இருக்கே' கிடையாது, 'கப்பலு பேரு இன்னா?'தான். அடுத்த முறை அவரை ஏர்போர்ட்டில் வழியனுப்பும்போது, புதுக் கப்பலின் பெயரை மூன்று முறை என்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். பக்கத்தில் அத்தையும் சேர்ந்து சொன்னது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு வட்டம், இரண்டு பெயர். லேப்டாப் இப்போதும் மெதுவாகத்தான் ஓடுகிறது. வீட்டில் நான் ஒருத்திதான், ஆனாலும் ரெண்டு பேரும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.